ஞாயிறு தண்ணீர் மாற்றினால் செவ்வாய் இறால் சாவது ஏன்?

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "2 அடி தொட்டி, சுமார் 50 லிட்டர். சென்னையின் வண்ணமீன் சந்தையான கொளத்தூரில் 30 சிவப்பு செர்ரி இறால் (அழகுக்கு வளர்க்கும் சிறிய நன்னீர் இறால்) வாங்கி விட்டேன். 4 மாதத்தில் 11தான் மிச்சம். மீன் எதுவும் இல்லை. கழிவிலிருந்து வரும் விஷங்களான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். ஞாயிறுதோறும் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு கேன் தண்ணீர் ஊற்றுகிறேன். நடுவில் மட்டம் குறைந்தால் போர் தண்ணீர். வாரத்துக்கு ஒன்றிரண்டு செத்துக்கொண்டே இருக்கிறது, பெரும்பாலும் செவ்வாய், புதனில். சிலவற்றின் கழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தது. டிடிஎஸ் (ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்ற கணக்கு) அளந்தேன்: போர் 900, கேன் 40, தொட்டி ஞாயிறு காலையில் 340. காரணமே புரியவில்லை."

காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: அந்தச் செவ்வாய், புதன். இறால் செத்தால் நாம் முதலில் தண்ணீரைச் சோதிக்கிறோம். நான் முதலில் கேட்பது, எந்த நாளில் செத்தது, அதற்கு இரண்டு நாள் முன்பு தொட்டிக்கு என்ன செய்தீர்கள் என்பதைத்தான். ஒரே இரவில் மொத்தமாகச் செத்தால் விஷம். கோடை மதியங்களில் செத்தால் வெப்பம், பிராணவாயுக் குறைவு. வாங்கி வந்த முதல் வாரத்தில் செத்தால் பெரும்பாலும் வரும் வழியிலும் தொட்டியில் விட்ட விதத்திலும் பட்ட அதிர்ச்சி. தண்ணீர் மாற்றிய இரண்டாம், மூன்றாம் நாளில் ஒன்றிரண்டாகச் செத்தால், இறால் வளர வளரப் பழைய ஓட்டைக் கழற்றுமே, அப்போது ஏற்பட்ட கோளாறு. உங்களுடையது இந்தக் கடைசி வகை.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். 340 இருக்கும் தொட்டியில் பாதியை எடுத்து 40 இருக்கும் தண்ணீரை ஊற்றினால், சில நிமிடங்களில் 190க்கு இறங்கிவிடுகிறது. அப்புறம் வாரம் முழுக்கத் தண்ணீர் ஆவியாகிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதன் மேல் 900 இருக்கும் போர் தண்ணீரை ஊற்ற ஊற்ற, அடுத்த ஞாயிறு மறுபடி 340. நீங்கள் சோதித்த அம்மோனியாவும் நைட்ரைட்டும் இந்த ஏற்ற இறக்கத்தைக் காட்டாது.

நன்னீர் இறாலின் ரத்தத்தில் வெளித் தண்ணீரைவிட உப்பு அதிகம். அதனால் தண்ணீர் அதன் உடலுக்குள் புகுந்துகொண்டே இருக்கும். அது வெளியேற்றிக்கொண்டே இருக்கும். வெளியே உப்பு சட்டென்று பாதியானால் இந்தச் சமநிலை குலைந்து, புது ஓடு தயாராகும் முன்பே இறால் பழையதைக் கழற்றப் பார்க்கிறது என்பது வளர்ப்பவர்களின் அனுபவம். சரியாகக் கழற்றும் இறால், தலை ஓடும் வயிற்றுப் பகுதியும் சேரும் இடத்தில் முதுகுப் பக்கம் மட்டும் பிளந்து, ஒரு துள்ளலில் வெளியே வந்துவிடும். தவறினால் அந்தப் பிளவு உடம்பைச் சுற்றி வளையமாகப் போய்விடும். அப்புறம் அதனால் பழைய ஓட்டை உதற முடிவதில்லை. நீங்கள் பார்த்த வெள்ளைக் கோடு அதுதான். வளையம் விழுந்த இறால் பிழைப்பது அரிது. அதைப் பிடித்து ஓட்டை உரிக்க முயலாதீர்கள், வேதனைதான் கூடும்.

மருந்து எதுவும் வேண்டாம். தண்ணீர் ஊற்றும் முறையை மாற்றினால் போதும். ஒரு பங்கு போர் தண்ணீருக்கு மூன்று பங்கு கேன் தண்ணீர் கலந்தால் டிடிஎஸ் 255 வரும். செர்ரி இறாலுக்கு 150 முதல் 300 வரை நல்லது. இந்தக் கலவையில் வாரத்துக்கு 5 லிட்டர் மட்டும் மாற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஏர் டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு மெதுவாக, சொட்டுச் சொட்டாக இறக்குங்கள். குறையும் மட்டத்தை நிரப்ப மட்டும் வெறும் கேன் தண்ணீர், அதுவும் தினமும் கொஞ்சமாக. தொட்டியை ஒரே நாளில் 255க்குக் கொண்டுவர நினைக்காதீர்கள். ஒன்றிரண்டு மாதமானாலும் பரவாயில்லை.

ஒரு விஷயம்: டிடிஎஸ் மீட்டர் எவ்வளவு கரைந்திருக்கிறது என்றுதான் சொல்லும், என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. ஓட்டுக்கு வேண்டியது கால்சியமும் மெக்னீசியமும். உங்கள் போர் தண்ணீரில் வெறும் சோடியம் உப்பே அதிகமாக இருந்தால், 255 காட்டினாலும் இறாலுக்குப் பயனில்லை. அதனால் இந்த இரண்டின் அளவைக் காட்டும் ஜிஎச் (கடினத்தன்மை) சோதனைக் குப்பி ஒன்று வாங்கி, கலவையில் 6 முதல் 8 வரை இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தால் இறாலுக்கென்றே விற்கும் தாது உப்பைக் கேன் தண்ணீரில் கலந்து பயன்படுத்துங்கள். கணவாய் ஓடு போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கிடைக்கும். போடலாம், கெடுதல் இல்லை. ஆனால் அது மெல்லத்தான் கரையும். ஞாயிறுதோறும் நடக்கும் திடீர் மாற்றத்துக்கு அது தீர்வாகாது.

கழற்றிய ஓடு கண்ணாடி போல வெற்றுக் கூடாகக் கிடக்கும். அதை எடுத்துப் போடாதீர்கள், இறால்களே தின்று தாதுச் சத்தைத் திரும்பப் பெறும். செத்த இறால் வேகவைத்தது போல இளஞ்சிவப்பாக, ஒளி புகாமல் இருக்கும். அதை உடனே எடுத்துவிடுங்கள்.

நம் வீடுகளில் இறாலைக் கொல்லும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் இதை நினைத்தே பார்ப்பதில்லை. கொசுவர்த்திச் சுருள், பிளக்கில் செருகும் கொசு மருந்து, கரப்பான் ஸ்பிரே எல்லாவற்றிலும் இருப்பது பூச்சியைக் கொல்லும் மருந்து. இறால் பூச்சிக்கு உறவுக்காரன். பூச்சியைக் கொல்வது அதையும் கொல்லும். தொட்டியை மூடி வைத்தால் மட்டும் போதாது. ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் குமிழ் குமிழாக விடுகிறது. கரப்பான் மருந்து அடித்த மறுநாள் காலையில் என் தொட்டியில் நாற்பது இறால் அடிமண்ணில் சாய்ந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காட்சி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. தொட்டி இருக்கும் அறையில் இவை எதுவும் வேண்டாம், கொசுவலை கட்டுங்கள். தெருவில் கொசுப் புகை அடிக்க வந்தால் ஜன்னலைச் சாத்தி, பம்பின் காற்று உறிஞ்சும் பக்கம் புகை போகாமல் பாருங்கள். கடையில் வாங்கி இறாலுக்குத் தின்னப் போடும் கீரையிலும் புதிதாக வாங்கும் நீர்ச்செடியிலும் மருந்து ஒட்டியிருக்கலாம். செடியைத் தனி வாளியில் ஒன்றிரண்டு வாரம், அடிக்கடி தண்ணீர் மாற்றி வைத்த பிறகே தொட்டியில் நடுங்கள்.

அடுத்தது செம்பு. இறாலின் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பதே செம்பு கலந்த ஒரு புரதம்தான். ஆனாலும் தண்ணீரில் கரைந்த செம்பு கொஞ்சம் கூடினாலே அதற்கு விஷம். எனவே செம்புக் குடத்துத் தண்ணீர், 'காப்பர்' என்று விற்கும் ஆர்ஓ இயந்திரத்துத் தண்ணீர் இரண்டும் கூடாது. மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது மருந்து போட்ட தொட்டியையும் என்ன மருந்து என்று தெரியாமல் இறாலுக்குக் கொடுக்காதீர்கள், அதில் செம்பு இருந்திருக்கலாம். குழாய்த் தண்ணீர் பயன்படுத்தினால் குளோரின் நீக்கும் திரவம் கட்டாயம்.

கோடையில் தொட்டி 30 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8.3 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும், 30 டிகிரியில் 7.6தான். தண்ணீரின் மேல் சின்ன ஃபேன் ஓடினால் 2, 3 டிகிரி இறங்கும். ஆவியாதல் கூடும், எனவே கேன் தண்ணீரை மறக்காதீர்கள். ஐஸ் கட்டி போடாதீர்கள், அதுவும் திடீர் மாற்றம்தான்.

மிச்சமிருக்கும் 11ஐ வைத்துக்கொண்டு, இப்போதைக்குப் புதிதாக எதுவும் வாங்காமல் இருங்கள். ஒரு நோட்டில் தேதி, டிடிஎஸ், ஊற்றியது, செத்தது என்று நான்கே கட்டம் போட்டு எழுதுங்கள். வயிற்றடியில் முட்டை சுமக்கும் பெண் இறால் ஒன்று, முட்டையை உதிர்க்காமல் சுமார் 4 வாரம் சுமந்து குஞ்சு பொரித்தால் தண்ணீர் நிலைத்துவிட்டது என்று நம்பலாம். அப்புறம் கொளத்தூர் போங்கள். கடைக்காரரிடம் தொட்டித் தண்ணீரைத் தனிப் பையில் ஒரு லிட்டர் கேட்டு வாங்கி, வீட்டில் டிடிஎஸ் அளந்து, புதியவற்றை இரண்டு மணி நேரம் சொட்டு முறையில் பழக்கித் தொட்டியில் விடுங்கள்.