மர மீன் மிதக்க வேண்டும்: வாசகர் கேள்வி பதில்

மரத்தில் மீன்போலச் செதுக்கி, தூண்டில் நரம்பில் கட்டி இழுக்கும் போலி இரையைத் தூண்டில்காரர்கள் ‘லூர்’ என்றே சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம். இந்த மாதம் வந்த கடிதங்களில் நிறையப் பேர் பெயின்டைப் பற்றியே கேட்டிருந்தார்கள். லூர் நீந்துமா, புரளுமா என்பது பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அதனால் எடையிலிருந்து தொடங்குகிறோம்.

வீட்டில் தேக்குத் துண்டுகள் நிறையக் கிடக்கின்றன. 10 செ.மீ. நீளத்தில் ஒரு லூர் செய்தேன். தண்ணீரில் போட்டதும் சாய்ந்து மூழ்கிவிட்டது. அடியில் ஈயம் வைத்தால் நிமிருமா? – கடலூர் வாசகர்

நிமிரலாம், ஆனால் கல்லாகக் கீழே போகும். மிதக்கும் லூருக்குத் தேக்கு கனமான மரம். கணக்கைப் பாருங்கள்.

10 செ.மீ. நீளம், 22 மி.மீ. உயரம், 15 மி.மீ. தடிமன் உள்ள உடலின் கொள்ளளவு சுமார் 19 மில்லி வரும். லிப் (மூக்குக்குக் கீழே நீட்டும் சின்னத் தகடு), தூண்டில் முள், மேல்பூச்சு எல்லாம் சேர்ந்தால் 22 மில்லி. அதாவது, முழு லூரின் எடை 22 கிராமுக்குள் இருந்தால்தான் நன்னீரில் மிதக்கும். இதில் இரண்டு மும்முள்ளும் வளையங்களும் 5 கிராம், உள்ளே ஓடும் கம்பி ஒன்றரை கிராம், லிப் 1 கிராம், பூச்சு இரண்டரை கிராம்: மொத்தம் 10 கிராம். மீதி 12 கிராமுக்குள் மரமும் அடங்க வேண்டும், ஈயமும் அடங்க வேண்டும். தேக்கின் அடர்த்தி ஏறக்குறைய 0.65, அதாவது ஒரு மில்லிக்கு 0.65 கிராம். உங்கள் லூரில் மரம் மட்டுமே 12 கிராமைத் தாண்டிவிட்டது. ஈயத்துக்கு இடமே இல்லை. அடியில் எடை இல்லாத லூர் சாயத்தான் செய்யும்.

அடர்த்தி 0.4 அளவில் உள்ள மரம் இதற்குப் பொருத்தம். அதே உடலில் மரம் ஏழரை கிராம்தான் வரும்; ஈயத்துக்கு நாலரை கிராம் வரை இடம் கிடைக்கும். நன்கு உலர்ந்த மலைவேம்பும் குமிழும் இந்தக் கணக்குக்கு அருகில் வரும். கட்டுமரத்துக்கு மலைவேம்பு போன்ற லேசான மரங்களைத் தேடியதும் இதே காரணத்துக்காகத்தான். பால்சா இன்னும் லேசு, 0.16 அளவு. துள்ளலாக நீந்தும். ஆனால் நகம் பட்டாலே பள்ளம் விழும். கொடுவா மீனின் வாயில் இரண்டு மீனுக்கு மேல் தாங்காது. குளத்துச் சின்ன மீனுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மரத்தின் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே மரத்தின் இரண்டு பலகைகள்கூட ஒத்துப்போகாது. 10 × 5 × 2 செ.மீ. துண்டு ஒன்றை அறுத்தால் சரியாக 100 மில்லி. அதைச் சமையலறைத் தராசில் வைத்து, வரும் கிராமை நூறால் வகுத்தால் அடர்த்தி. ஒரு வாரம் தினமும் எடை போடுங்கள். எடை குறைந்துகொண்டே வந்தால் மரம் இன்னும் காயவில்லை, தொடாதீர்கள்.

ஈயம் எவ்வளவு, எந்த இடத்தில்? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள். – தூத்துக்குடி வாசகர்

ஒரு வாளித் தண்ணீர் சொல்வதைக் கேளுங்கள். செதுக்கிய உடலுக்கு சீலர் (மரத்துளைகளை அடைக்கும் பூச்சு) பூசிக் காயவிட்டு, முள், வளையம், லிப் எல்லாவற்றையும் தற்காலிகமாக மாட்டுங்கள். ஈயத் துண்டுகளை ரப்பர் பேண்டால் அடிவயிற்றில் கட்டி மிதக்கவிடுங்கள். முதுகு மட்டும் வெளியே தெரிந்து, உடல் மட்டமாகவோ வால் லேசாகத் தாழ்ந்தோ நிற்க வேண்டும். விரலால் ஒரு பக்கம் அழுத்திவிட்டால் உடனே நிமிர வேண்டும். அந்த இடம்தான் ஈயத்தின் இடம். பெரும்பாலும் அது வயிற்று முள்ளுக்குச் சற்றுப் பின்னே, உடலின் நடுவை ஒட்டி அமையும்.

கண்ட எடையிலிருந்து அரை கிராம் குறைத்து உள்ளே வையுங்கள். இதற்கு இரண்டு காரணங்கள். வெளியே தொங்கும் ஈயம் தன் பங்குக்குக் கொஞ்சம் தண்ணீரை விலக்குகிறது. உடலுக்குள் போனபின் அந்தத் தாங்கல் போய்விடும். அடுத்தது, இனிமேல் பூசப்போகும் எபோக்சி (இரண்டு பாகம் கலந்தால் இறுகும் பிசின்) தண்ணீரைவிடக் கனமானது. 6 மி.மீ. துளையில் 8 மி.மீ. ஆழத்துக்கு ஈயம் நிரப்பினால் ஏறத்தாழ இரண்டரை கிராம். மேலே சொன்ன 10 செ.மீ. லூருக்கு அது போதும். இழுப்பதை நிறுத்தினால் மெல்ல மேலே வரும்.

ஈயத்தை இரண்டாகப் பிரித்துத் தலையிலும் வாலிலும் வைத்தால் லூர் மந்தமாகிவிடும். நடுவில் குவித்தால் வாலாட்டம் சுறுசுறுப்பாக இருக்கும். கடலில் வீசுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உப்புத் தண்ணீர் இரண்டரை சதவீதம் கனம் கூடுதல். வாளியில் அந்தரத்தில் நின்ற 22 மில்லி லூர், முகத்துவாரத்தில் அரை கிராம் அளவுக்கு மேலே தள்ளப்படும். அதனால் சோதனைக்கு லிட்டருக்கு 35 கிராம் உப்புக் கரைத்த தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள்.

ஈயத்தை உருக்கி மரத்துளையில் ஊற்ற வேண்டாம். துளையில் ஈரம் இருந்தால் அது நீராவியாகி, உருகிய ஈயத்தை முகத்தில் தெறிக்கவைக்கும். கடையில் கிடைக்கும் ஈயக்குண்டைத் தட்டி உருளையாக்கி, எபோக்சி தொட்டு அழுத்துங்கள். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். குழந்தைகளை அந்த மேசைப் பக்கமே விட வேண்டாம்.

லிப்புக்கு அக்ரிலிக் ஷீட் போட்டேன். பாறையில் தட்டி இரண்டாவது வீச்சிலேயே உடைந்தது. – கன்னியாகுமரி வாசகர்

பாலிகார்பனேட் வாங்குங்கள், வளையும், நொறுங்காது. பழைய சிடி ஒன்று இருந்தால் காசும் மிச்சம். சிடியே 1.2 மி.மீ. பாலிகார்பனேட் தட்டுதான். மேலிருக்கும் வெள்ளிப் படலத்தை பிளாஸ்டர் டேப் ஒட்டி உரித்துவிட்டு, கத்தரியால் வெட்டி, ஓரத்தை உப்புத்தாளில் தேயுங்கள்.

10 செ.மீ. லூருக்கு லிப்பின் அகலம் உடலின் தடிமன் அளவு, அதாவது 15 மி.மீ.; வெளியே நீட்டும் நீளமும் அவ்வளவே. உடலின் நீளவாட்டுக் கோட்டோடு 45 பாகை சாய்த்தால் ஆழம் போகாமல் நன்றாக ஆடும். முழங்கால் முதல் இடுப்பு ஆழம் வரையுள்ள கழிமுகத்துக்கு இதுவே போதும். லிப்பைப் படுக்கவைத்து நீட்ட நீட்ட ஆழம் கூடும். அப்போது நரம்பு கட்டும் கண்ணும் (கம்பி வளையமும்) மூக்கிலிருந்து இறங்கி லிப்பின் மேலேயே வர வேண்டும்.

முக்கியமான விஷயம் ஒன்று: லிப்புக்கான வெட்டைக் கட்டை சதுரமாக இருக்கும்போதே போட்டுவிடுங்கள். உருண்டையாகச் செதுக்கியபின் நேராக வெட்ட எந்தக் கையாலும் முடியாது. வெட்டு ஒரு பாகை கோணினாலும் லூர் வாழ்நாள் முழுக்க ஒரு பக்கமே ஓடும். ஹேக்சா பிளேடு சுமாராக 1 மி.மீ. அகலத்தில் வெட்டும், மீதியை மடித்த உப்புத்தாளால் அகலப்படுத்தலாம். நடுக்கோட்டைக் கட்டையைச் சுற்றி நான்கு முகத்திலும் பென்சிலால் போட்டுவைத்து, அது கடைசி வரை அழியாமல் பார்த்துக்கொண்டு செதுக்குங்கள்.

நல்ல கொடுவா. முள்ளோடு கொக்கித் திருகும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. நீளமான திருகு போட்டால் நிற்குமா? – பழவேற்காடு வாசகர்

மென்மரத்தில் திருகு எவ்வளவு நீளமானாலும் கொடுவாக்கு முன் நிற்காது. அந்த மீன் தலையை உதறும்போது முள் நெம்புகோலாகத் திருகை ஆட்டி ஆட்டித் துளையைப் பெரிதாக்கும். விரிசல் வழியே தண்ணீர் இறங்கியதும் மரம் ஊறிப் பிடிப்பும் போய்விடும். உடலுக்குள் தலை முதல் வால் வரை ஒரே கம்பி ஓட வேண்டும். அப்படிச் செய்தால், மரமே பிளந்தாலும் மீன் நரம்பில்தான் இருக்கும்.

1.2 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பி எடுங்கள். கடலுக்கு 316 ரகம். கட்டை சதுரமாக இருக்கும்போதே அடிவயிற்றின் நடுக்கோட்டில் 10 மி.மீ. ஆழத்துக்கு நெடுக வெட்டுப் போடுங்கள். கம்பியில் மூக்குக்கு ஒரு கண், வயிற்று முள்ளுக்குக் கீழே இறங்கும் ஒரு கண், வாலுக்கு ஒரு கண் வளைத்து, கண்களின் கழுத்தில் இரண்டு சுற்று முறுக்குங்கள். உடலைச் செதுக்கி முடித்தபின் கம்பியை வெட்டின் மேல்தட்டுவரை தள்ளி, அதன் கீழே ஈயத்தை வைத்து, மரத்தூள் குழைத்த எபோக்சியால் அடைத்துவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம், நாள்பட்ட ஈரத்தில் அது இளகும். இரவு முழுதும் எடுத்துக்கொண்டு இறுகும் வகையே நிற்கும்.

ஸ்ப்ரே பெயின்ட் மேல் லாக்கர் அடித்தேன், பெயின்ட் சுருங்கிப்போனது. இன்னொன்றில் மேலே வெண்புகை படிந்தது போல் ஆகிவிட்டது. எபோக்சி பூசினால் குமிழ். – சென்னை வாசகர்

மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. லாக்கரில் உள்ள தின்னர் கீழே இருக்கும் இளம் பெயின்டைக் கரைத்ததால் சுருக்கம் வந்தது. என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) சீலர் கீழே, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட் நடுவே, எபோக்சி மேலே என்று வைத்துக்கொண்டால் ஒன்றோடொன்று சண்டை போடாது. சீலரைச் சம அளவு தின்னரில் கலந்து, மூன்று முறை முக்கி, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் காயவிடுங்கள். முதல் முக்கலுக்குப்பின் மரநார் எழும்பிச் சொரசொரப்பாகும்; 320 நம்பர் உப்புத்தாளால் ஒருமுறை தடவினால் சரியாகிவிடும்.

வெண்புகை சென்னைக் காற்றின் ஈரம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பூச்சு குளிர்ந்துபோய், காற்றின் ஈரத்தைத் தன்மேல் படியவைக்கிறது. மழை நாளிலும் விடியற்காலையிலும் லாக்கரைத் தொடாதீர்கள்.

குமிழ் என்பது மரத்தின் மூச்சு. நிழலில் பூசிவிட்டு வெயிலில் வைத்தால், உள்ளே இருக்கும் காற்று விரிந்து பூச்சைத் துளைத்துக்கொண்டு வரும். திருப்பிச் செய்ய வேண்டும்: லூரை முதலில் லேசாகச் சூடாக்கி, அறைக்குள் கொண்டுவந்து, அது ஆறும்போது பூசுங்கள். மரம் காற்றை உள்ளே இழுக்கும், எபோக்சியும் கூடவே துளைகளில் இறங்கும். பூசியபின் நிமிடத்துக்கு 5 அல்லது 6 முறை சுழலும் சின்ன மோட்டாரில் மாட்டுங்கள். இல்லையென்றால் எபோக்சி ஓட்டத்தை நிறுத்தும் வரை சில நிமிடத்துக்கு ஒருமுறை கையால் திருப்புங்கள். விட்டுவிட்டால் வயிற்றில் தொங்கட்டான் கட்டும்.

செதில் வேண்டுமா? கொசுவலைத் துண்டை உடலில் இறுக்கச் சுற்றி, மேலிருந்து வெள்ளி நிறத்தை மெல்லத் தூவி, வலையை உரித்தால் போதும்.

என் லூர் எப்போதும் இடப்பக்கமே ஓடுகிறது. – நாகப்பட்டினம் வாசகர்

நரம்பு கட்டும் கண்ணைக் குறட்டால் வலப்பக்கம் மயிரிழை அளவு வளையுங்கள். ஓடும் திசைக்கு எதிர்த்திசை என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். வளைத்து, வீசி, பார்த்து, மறுபடி வளையுங்கள். மெதுவாக இழுக்கும்போது நேராக வந்து, வேகமாக இழுக்கும்போது மட்டும் புரண்டால் கண்ணில் குற்றமில்லை. லிப் அகலம் கூடுதல், அல்லது ஈயம் போதவில்லை. லிப்பின் இரு ஓரத்தையும் அரை அரை மில்லிமீட்டராகச் சமமாகத் தேய்த்துப் பாருங்கள்.

மரலூரைக் கண்டுபிடித்தவர் யார்? – திருச்சி வாசகர்

ஒருவரைச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜேம்ஸ் ஹெட்டன் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மரத்தில் தவளை செதுக்கினார். பின்லாந்து மீனவர் லவுரி ரபாலா 1936-இல் தக்கையில் ஒரு சிறுமீனைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய மினுமினுப்புத் தாளை மேலே ஒட்டி, புகைப்பட நெகட்டிவை உருக்கிப் பூச்சாகப் பூசினார். பெரிய மீன்கள் கூட்டத்தில் தள்ளாடி நீந்தும் சிறுமீனைத்தான் பிடிக்கின்றன என்று பையான்னே ஏரியில் கவனித்து, அந்தத் தள்ளாட்டத்தை லூரில் கொண்டுவந்தவர் அவர். நம் லிப்பின் 45 பாகையும் அதையேதான் செய்கிறது.

எங்கள் ஏரி முழுக்க ஆம்பல். விராலுக்கு மரலூர் ஆகுமா? – செங்கல்பட்டு வாசகர்

லிப் வைத்தது ஆகாது. முதல் இழுப்பிலேயே கொடியில் சிக்கும். 5 அல்லது 6 செ.மீ. நீளத்தில், அடி தட்டையாகவும் முதுகு மேடாகவும் தவளை மாதிரி செதுக்குங்கள். மும்முள் வேண்டாம், பின்புறம் ஒரே இரட்டை முள், இரண்டு நுனியும் மேல்நோக்கி, முதுகோடு ஒட்டியிருக்கட்டும். ஈயத்தை முழுதும் வால்பக்கம் வைத்தால் தலை தூக்கி மிதக்கும், இலைமேல் வழுக்கி வரும். விரால் பாய்ந்ததும் இழுத்துவிடாதீர்கள். மரம் ரப்பர் தவளைபோல அமுங்கிக்கொடுக்காது. மீன் வாயை மூடித் திரும்ப, ஒன்று இரண்டு என்று எண்ணிவிட்டுத் தூண்டில் ராடைத் தூக்குங்கள்.