இனிஷியலை விரித்தால் – கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

விரிஞ்சிபுரத்திலிருந்து எழுதுகிறேன். மகள் மேற்படிப்புக்கு அமெரிக்கா போகிறாள். சான்றிதழ்களில் எல்லாம் ‘ஏ. ரேணுகா’ என்றுதான் இருக்கிறது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் சர்நேம் கேட்கிறார்கள். காலியாக விடுங்கள் என்கிறார் பிரவுசிங் சென்டர்காரர். ஊர்ப்பெயரைப் போடச் சொல்கிறார் மைத்துனர். உலகம் முழுக்கத் தொன்றுதொட்டு இருக்கும் குடும்பப்பெயர் நமக்கு மட்டும் ஏன் இல்லை?

மா. ஏழுமலை

அன்புள்ள ஏழுமலை,

காலியாக விடாதீர்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் அதற்குத் தடையில்லை. வம்பு விசாவில்தான் வரும். அமெரிக்க விசாவில் ஒற்றைப்பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும். கிவன் நேம் இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அந்த மூன்றெழுத்து கல்லூரிப் பதிவு, வங்கிக் கணக்கு என்று போகுமிடமெல்லாம் ஒட்டிக்கொள்ளும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகமும் ஒற்றைப்பெயர்க்காரர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் வேறு பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது.

கிவன் நேம் ரேணுகா, சர்நேம் ஏழுமலை என்று எழுதுங்கள். ‘ஏ’ என்று ஒற்றை எழுத்தாக விடக்கூடாது, விரித்துத்தான் எழுதவேண்டும்.

சிக்கல் ஸ்பெல்லிங்கில். ஏழுமலையை ஆங்கிலத்தில் ‘இ’ எழுத்தில் தொடங்குபவர்களும் உண்டு, ‘ஒய்’யில் தொடங்குபவர்களும் உண்டு. ழகரத்துக்குச் சிலர் ‘எல்’ போடுவார்கள், சிலர் ‘இசட் எச்’. ஆக நாலு விதமான ஏழுமலை. மகளின் மதிப்பெண் சான்றிதழில் ஆங்கில இனிஷியல் ‘இ’ என்றிருக்க, உங்கள் ஆதாரில் ‘ஒய்’ என்றிருந்தால், விரித்த பெயரும் இனிஷியலும் மோதும். எனவே பத்தாம் வகுப்புச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், இருவரின் ஆதார் எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பி ஒப்பிடுங்கள். மாறியிருப்பதைத் திருத்திய பிறகே விண்ணப்பியுங்கள். விமான டிக்கெட்டும் பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்துப்படியே இருக்கவேண்டும்.

பான் கார்டு விண்ணப்பம் இன்னொரு ரகம். அதில் கடைசிப்பெயர் கட்டாயம். ஒற்றைப்பெயர்க்காரர்கள் தங்கள் பெயரையே அந்தக் கட்டத்தில் எழுதவேண்டும். ஒரே நாட்டின் இரண்டு விண்ணப்பங்கள், ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லை போலும்.

மைத்துனர் சொல்வது மரபுக்குப் புறம்பானதல்ல. ஈ.வெ.ரா.வின் ‘ஈ’ ஈரோடுதான், சி.என். அண்ணாதுரையின் ‘சி’ காஞ்சிபுரம்தான். ஆனால் ரேணுகாவின் எந்தச் சான்றிதழிலும் விரிஞ்சிபுரம் பெயரின் பகுதியாக இல்லை. இப்போது சேர்த்தால் அது பெயர் மாற்றம் ஆகிவிடும், அரசிதழ் வரைக்கும் இழுக்கும். வேண்டாத வேலை.

இனிஷியல் என்றாலே அப்பா பெயர்தான் என்பதும் இல்லை. உங்கள் மாவட்டத்திலேயே தெலுங்கு பேசும் வீடுகளில் அது ‘இண்டிபேரு’, அதாவது வீட்டுப்பெயராக இருக்கலாம். வேலூர் ஊரிசு கல்லூரியில் படித்த எஸ். ராதாகிருஷ்ணனின் ‘எஸ்’ சர்வபள்ளி. ஊரின் பேரில் வந்த வீட்டுப்பெயர் அது. அவர் தந்தையும் சர்வபள்ளி வீராசாமிதான். அப்படிப்பட்ட குடும்பத்துக்கு சர்நேம் கட்டத்தில் குழப்பமே இல்லை.

‘தொன்றுதொட்டு’ என்கிறீர்கள். சீனர்களுக்கு அது பொருந்தும். மற்றவர்களில் பலருக்கு அரசாங்கம் கட்டிவிட்டதுதான். நெதர்லாந்தில் 1811இல் நெப்போலியன் ஆணை. பிலிப்பைன்சில் 1849இல் ஸ்பானிய ஆளுநர் ஒரு பெயர்ப்பட்டியலையே அனுப்பி, அதிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஜப்பானில் எல்லாருக்கும் கட்டாயமானது 1875இல், தாய்லாந்தில் சட்டம் வந்தது 1913இல், துருக்கியில் 1934இல். வரி வாங்கவும் படைக்கு ஆளெடுக்கவும் அடையாளம் வேண்டியிருந்தது. இந்தோனேசியாவின் முன்னாள் அதிபர் சுகார்த்தோவுக்குப் பெற்றோர் வைத்தது ஒரே பெயர்தான்.

நம்மிடமும் அந்த இடத்தில் ஒன்று இருந்தது, சாதிப் பட்டம். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு அதைக் கைவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. படிப்படியாகப் பெரும்பாலோர் விட்டார்கள். பாஸ்போர்ட்டுக்காக அதைத் திரும்ப ஒட்டவைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

நம் முறைக்கு நெருக்கமான சொந்தம் ஐஸ்லாந்து. அங்கேயும் அப்பா பெயர்தான் பின்னால் வரும். மகனானால் ‘சொன்’, மகளானால் ‘தோத்திர்’ சேரும். தொலைபேசிப் புத்தகமே முதற்பெயர் வரிசையில்தான் வந்துகொண்டிருந்தது. ஆனால் அமெரிக்காவில் உங்கள் மகளை மிஸ் ஏழுமலை என்பார்கள். அதற்கு அவள் பழகிக்கொள்ள வேண்டும்.

ஒன்று விட்டுப்போயிற்று. உங்கள் ‘மா’ மார்க்கபந்து என்று நினைக்கிறேன். விரிஞ்சிபுரத்துச் சாமி பெயரில்லாத வீடு அந்த ஊரில் ஏது! நீங்களும் பாஸ்போர்ட் எடுத்தால் உங்கள் சர்நேம் மார்க்கபந்து, மகளுடையது ஏழுமலை, மனைவியுடையது அவர் அப்பா பெயராகவே இருக்கலாம். ஒரே குடும்பத்தில் மூன்று சர்நேம். விசாவுக்குப் போகும்போது கேள்வி வரலாம். தாய் தந்தை இருவர் பெயரும் விரிவாக உள்ள மகளின் பிறப்புச் சான்றிதழையும், உங்கள் திருமணப் பதிவுச் சான்றிதழையும் கையில் வைத்திருங்கள்.