இரவுப் பாலும் முகாம் சீட்டும்

கேள்வி: எங்கள் மகனுக்கு நான்கு வயது. இரவில் பால் குடித்தபடியே தூங்கிவிடுகிறான். பல் துலக்க வாயைத் திறப்பதில்லை. பால் பல் விழத்தானே போகிறது என்கிறார் மாமியார். பள்ளியில் நடந்த இலவச முகாமிலோ மேல்பற்கள் நான்குக்கும் உடனே ‘கேப்’ (பல்லை மூடும் உறை) போட வேண்டும் என்று சீட்டு கொடுத்திருக்கிறார்கள். இரவில் துலக்கும் பழக்கத்தை எப்படிக் கொண்டுவருவது? – ஒரு தாய், பெரம்பூர்.

பதில்: முதலில் பாலைப் பார்ப்போம். தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடுவதால், பாலும் அதில் கலந்த சர்க்கரையும் விடியும்வரை பல்லிலேயே ஊறுகின்றன. கீழ் முன்பற்களை நாக்கு ஓரளவு மூடிக் காத்துவிடும். மேல் முன்பற்கள்தாம் முதலில் சொத்தையாகும். ஆகவே பாலை இரவுச் சாப்பாட்டோடு முடித்துவிடுங்கள். துலக்கிய பிறகு தண்ணீர் மட்டுமே.

ஏழெட்டு வயதுவரை துலக்கிவிடுவது பெற்றோரின் வேலை. சட்டைப் பொத்தானுக்கே தடுமாறும் விரல்களுக்குக் கடைவாய்ப் பல்லின் பின்புறம் எட்டாது. பாயில் அமர்ந்து, அவன் தலையை மடியில் மல்லாக்க வைத்துக்கொண்டு, இடக்கை விரலால் மேலுதட்டை உயர்த்துங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடுபோல வெளுத்திருந்தால் அது சொத்தையின் தொடக்கம். பல்லை உறுதியாக்கும் ஃப்ளோரைடு பூச்சினால் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடலாம். குழி விழுந்திருந்தால் சிகிச்சை தேவை. பட்டாணி அளவு பற்பசை போதும். நுரையைத் துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டியதில்லை. முதல் வாரம் அழுவான். அழுகிறவன் வாய் திறந்துதானே இருக்கும், வேலையை முடித்துவிடுங்கள்.

ஃப்ளோரைடு நஞ்சு என்று கைப்பேசியில் சுற்றும் செய்திகளை நம்பி, அது இல்லாத பசைக்கு மாறாதீர்கள். தொல்லை தருவது, குடிநீரில் அது அளவுக்கு மிஞ்சும்போது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு உள்ள நீரை, நிலையான பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில் ஆண்டுக்கணக்கில் குடித்த பிள்ளைகளுக்கு, அப்பற்கள் முளைக்கும்போதே வெள்ளைத் திட்டுகளோ பழுப்புக் கறையோ தெரியும். அது சொத்தை அன்று. அவ்வூர்களிலிருந்து சென்னைக்குக் குடிவந்தவர்கள் இதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அங்கேயும் மாற்ற வேண்டியது குடிநீரைத்தான். உங்கள் மகனுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

மாமியார் சொல்வது பாதி சரி. முன்பற்கள் ஆறேழு வயதில் விழத் தொடங்கும். ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை இருந்து, அடியில் வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைக்கின்றன.

இனி அந்தச் சீட்டு. டார்ச் வெளிச்சத்தில் அரை நிமிடம் எட்டிப் பார்த்து, எக்ஸ்ரேயும் எடுக்காமல், நான்கு பற்களுக்குக் ‘கேப்’ என்று தீர்மானிப்பதை நான் ஏற்பதில்லை. முகாமுக்கும் கிளினிக்குக்கும் நடுவே தலைக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளும் தரகர்களும் உண்டு. என்னிடம் ஒரு தந்தை கொண்டுவந்த சீட்டில் குழந்தையின் பெயரைத் தவிர எல்லாமே, ‘ஒரு வாரத்துக்குள் வந்தால் தள்ளுபடி’ உட்பட, முன்கூட்டியே அச்சடிக்கப்பட்டிருந்தது. சேர்க்கையின்போது பிறப்புச் சான்றிதழை மூன்று பிரதி கேட்கும் பள்ளிகள், பிள்ளையின் வாயைத் திறந்து பார்க்க வருகிறவர் யார் என்று ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை.

சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். முதலில் பல்லைக் காட்டி, அவர்கள் சொல்வதைக் கேட்ட பிறகு முகாம் சீட்டை எடுங்கள்.