தக்கை ஆடுது, முள் காலியா வருது
சகோ, ஏரிக்கரையில 4-ம் நம்பர் தூண்டில் முள்ளுல மைதா மாவு வச்சு மீன் பிடிக்கப் போட்டா தக்கை (மிதவை) ஆடிட்டே இருக்கு, தூக்கினா வெறும் முள்தான் வருதுன்னா, அது பெரும்பாலும் ஜிலேபி மீன் (திலாப்பியா) வேலை. அதுக்கு வாய் சின்னது, நீங்க போடுற 4-ம் நம்பர் முள் சுலபமா உள்ளே போகாது. 10-க்கு மாறுங்க (நம்பர் ஏற ஏற முள் சிறுசு). நரம்பு (தூண்டில் நூல்) 0.20 மி.மீ. கனம் போதும்.

மாவைக் கெட்டியாப் பிசைஞ்சு, ஒரு சிட்டிகை பஞ்சைப் பிய்ச்சுச் சேருங்க, சீக்கிரம் கரையாது. சின்னப் பட்டாணி அளவு உருண்டை, முள் நுனி லேசா தெரியணும். மண்புழுன்னா வாலைத் தொங்க விடாதீங்க, அதை மட்டும் கடிச்சுட்டுப் போயிடும்.

பெரிய தக்கைதான் பாதிக் கோளாறு. அதுக்குப் பதிலா மயிலிறகுத் தண்டு 3 அங்குலம் கட்டி, அரை அங்குலம் மட்டும் தண்ணிக்கு வெளிய நிக்கிற அளவுக்கு ஈயக் குண்டு போடுங்க. நடுக்கத்துக்கெல்லாம் இழுக்காதீங்க, தண்டு படுத்தாலோ முங்கினாலோ மணிக்கட்டால ஒரு சுண்டு. மீனைக் கழட்டும்போது அதோட முதுகு முள் கையில குத்தாம பத்திரம்.