472 பெரியதா, 400 பெரியதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானிய சொகுசு ஸ்போர்ட்ஸ் செடான்கள் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு நானும் ஒரு அட்டவணை போட்டேன். லெக்சஸ் ஐஎஸ் 500: 472 குதிரைத்திறன். இன்ஃபினிட்டி கியூ50 ரெட் ஸ்போர்ட்: 400. அக்யூரா டிஎல்எக்ஸ் டைப் எஸ்: 355. வரிசை தெளிவாகத்தானே இருக்கிறது? யாருக்கு முதலிடம் என்று சொல்லாமல் ஏன் நழுவினீர்கள்? அப்புறம், 1990களின் ஜப்பானியக் கார்களைத் தேடிப் பார்த்தால் பாதிக் கார்களுக்கு 280 என்றே போட்டிருக்கிறது. 2.5 லிட்டருக்கும் 280, 4.5 லிட்டர், எட்டு சிலிண்டர் வி8க்கும் 280. அதெப்படி? கடைசியாக ஒன்று: ஸ்கைலைன் 400ஆர் ஜப்பானில் 405, அதே எஞ்சின் அமெரிக்காவில் 400. அந்த 5 எங்கே போயிற்று?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நழுவவில்லை. உச்சத் திறன் மட்டும்தான் கேள்வி என்றால் ஐஎஸ் 500க்குத்தான் முதலிடம். ஆனால் உங்கள் அட்டவணையில் ஒரு கட்டம் குறைகிறது. அந்தத் திறன் எத்தனை ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றும்போது, கிடைக்கிறது? 280 சமாச்சாரத்தை முதலில் பேசிவிட்டால் இதைச் சொல்வது எனக்குச் சுலபம்.

1980களின் இறுதியில் ஜப்பானில் சாலை விபத்துச் சாவுகள் மறுபடியும் ஆண்டுக்கு 10,000ஐத் தாண்டின. கார் நிறுவனங்களின் திறன் போட்டியை அரசு ரசிக்கவில்லை. 1989இல் நிஸான் ஃபேர்லேடி இசட் 280 பிஎஸ்ஸோடு (ஜப்பானில் குதிரைத்திறனைச் சொல்லும் அலகு) வந்தது. அந்த எண்ணையே வரம்பாக வைத்துக்கொண்டு நிறுவனங்கள் தங்களுக்குள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. சட்டம் கிடையாது, அபராதம் கிடையாது. இருந்தும் 2004 வரை, பெரிய நிறுவனங்கள் உள்நாட்டில் விற்ற வழக்கமான மாடல்களின் விவரச்சீட்டில் 280க்கு மேல் ஒரு பிஎஸ்கூட அச்சாகவில்லை. டொயோட்டா சேஸரின் 2.5 லிட்டர் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊட்டும் கருவி உள்ள எஞ்சின்) 280. அரிஸ்டோவின் 3 லிட்டர் இரட்டை டர்போ 280. 2001இல் வந்த நிஸான் சிமாவின் 4.5 லிட்டர் வி8உம் 280. அதே குடும்பத்து 4.5 லிட்டர் வி8ஐ நிஸானின் சொகுசுப் பிராண்டான இன்ஃபினிட்டியின் கியூ45இல் வைத்து அமெரிக்காவில் விற்றபோது 340 குதிரைத்திறன் என்று தயங்காமல் போட்டார்கள். அரிஸ்டோவின் 2ஜேஇசட் எஞ்சினும் அப்படித்தான். டர்போவிலும் இன்ஜெக்டரிலும் சில மாற்றங்களோடு அமெரிக்க சுப்ராவில் 320.

இந்த உடன்பாட்டில் எனக்குப் பிடித்த விஷயம், அதில் இருந்த ஓட்டை. அது உச்சத் திறனைத்தான் கட்டிப்போட்டது, டார்க்கை, அதாவது எஞ்சின் தண்டை முறுக்கும் விசையை, தொடவில்லை. பொறியாளர்கள் சும்மா இருப்பார்களா? 1992 சேஸரின் 1ஜேஇசட் இரட்டை டர்போ எஞ்சினில் அதிகபட்ச டார்க் 363 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,800 ஆர்பிஎம்மில். 1996இல் ஒற்றை டர்போவும் மாறும் வால்வு நேரமும் வந்தபின் 378, அதுவும் வெறும் 2,400 ஆர்பிஎம்மில். இரண்டுக்கும் அச்சிட்ட திறன் அதே 280தான். உங்கள் அட்டவணையில் இந்த இரண்டு கார்களும் சமம். ஓட்டுபவருக்கோ இரண்டும் வேறு வேறு. பழையது சுற்று ஏறும்வரை காத்திருக்க வைக்கும். புதியது மிதித்ததும் கிளம்பும்.

இப்போது உங்கள் மூன்று கார்களுக்கு வருவோம். கணக்கு ஒன்றுதான்: டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் திறன் கிலோவாட்டில் வரும். திறன் என்பது எஞ்சினில் தனியாக உட்கார்ந்திருக்கும் பொருள் அல்ல, இந்த இரண்டின் பெருக்கல். அதனால் 472ஐ எட்ட இரண்டு வழிகள் உண்டு. பலமாக முறுக்கலாம், அல்லது வேகமாகச் சுற்றலாம்.

லெக்சஸின் 5 லிட்டர் வி8 இரண்டாவது வழியில் போகிறது. டர்போ இல்லை. 472 குதிரைத்திறன் 7,100 ஆர்பிஎம்மில்தான் வருகிறது. கணக்குப் போட்டால் அந்த உயரத்திலும் சுமார் 473 நியூட்டன் மீட்டர் முறுக்குகிறது. இதன் அதிகபட்ச டார்க்கே 4,800இல் 535தான். அதாவது மேலே போகப் போக இந்த எஞ்சின் மூச்சு வாங்குவதே இல்லை. ஒரு டர்போகூட இல்லாமல் இது சின்ன விஷயம் அல்ல.

இன்ஃபினிட்டியின் 3 லிட்டர் வி6 இரட்டை டர்போ முதல் வழிக்காரன். 475 நியூட்டன் மீட்டர், 1,600 முதல் 5,200 வரை ஒரே மட்டம். 400 குதிரைத்திறன் 6,400இல். நெடுஞ்சாலையில் 2,000 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டிருக்கிறீர்கள், கியர் மாறாமல் லேசாக அழுத்துகிறீர்கள். டர்போ விழித்துக்கொண்டதும் இந்த வி6 தன் முழு டார்க்கையும் தந்துவிடும். அந்தச் சுற்றில் லெக்சஸின் வி8 தன் உச்சத்துக்கு வெகு தொலைவில் இருக்கும். வேண்டிய திறனைப் பெற எட்டு கியர் பெட்டி கீழே இறங்கியாக வேண்டும். இறங்கிவிட்டால் கதை மாறும், அங்கே லெக்சஸைப் பிடிக்க முடியாது. சும்மா இருக்கும்போது சாது, சீண்டினால் வேறு ஆள்.

கடல்மட்டத்திலிருந்து உயரம் கூடக் கூடவும் கணக்கு மாறும். 1,000 மீட்டர் ஏறினால் டர்போ இல்லாத எஞ்சின் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு திறனை இழக்கும், காற்றின் அடர்த்தி அவ்வளவு குறைகிறது. டர்போ கொஞ்சம் கூடுதலாகச் சுழன்று அந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். மலைப்பாதையில் 472க்கும் 400க்கும் இடையிலான தூரம் உங்கள் அட்டவணையில் தெரிவதைவிடக் குறைவு.

அக்யூராவுக்கு உங்கள் அட்டவணை ஒரு விதத்தில் அநியாயம் செய்கிறது, இன்னொரு விதத்தில் சலுகை காட்டுகிறது. 355 என்பது சிறிய எண்ணாகத் தெரிகிறது. ஆனால் அதன் 3 லிட்டர் டர்போ வி6 1,400 ஆர்பிஎம்மிலேயே 480 நியூட்டன் மீட்டர் தருகிறது, இன்ஃபினிட்டியைவிடச் சற்று அதிகம். இது அநியாயம். சலுகை எதில் என்றால் எடையில். அக்யூரா சுமார் 1,900 கிலோ, லெக்சஸ் சுமார் 1,770, இன்ஃபினிட்டி 1,800க்குக் கொஞ்சம் மேல். ஒரு குதிரைத்திறன் இழுக்க வேண்டிய எடையைப் பார்த்தால் லெக்சஸில் 3.7 கிலோ, இன்ஃபினிட்டியில் 4.5, அக்யூராவில் 5.4. இந்த வித்தியாசத்தை எந்த டார்க்காலும் மறைக்க முடியாது. அக்யூராவின் நான்கு சக்கர இயக்கம் பின்பக்கம் 70 சதவீதம் வரை டார்க்கை அனுப்பும், வளைவில் அதை ஒரே சக்கரத்துக்குக்கூடக் கொடுக்கும். வளைவிலிருந்து வெளியே வரும்போது அது தரும் நம்பிக்கை தனி. நேர்கோட்டில் எடைதான் பேசும்.

சரி, எனக்கு எது? தினமும் ஓட்ட இன்ஃபினிட்டியின் எஞ்சின், காதால் கேட்டு அனுபவிக்க லெக்சஸின் எஞ்சின். ஒரே ஒரு எஞ்சின்தான் என்று கட்டாயப்படுத்தினால் லெக்சஸ், இதற்கு நியாயமான காரணம் கேட்காதீர்கள்.

2004க்குப் பிறகு இன்னொரு வேடிக்கையும் நடந்தது. அந்த ஆண்டு உடன்பாடு கலைந்தது, அக்டோபரில் ஹோண்டா லெஜண்ட் 300 பிஎஸ்ஸோடு வரம்பைத் தாண்டிய முதல் கார் ஆனது. அமெரிக்காவில் அதுவே அக்யூரா ஆர்எல், அங்கேயும் 300. அடுத்த மாடல் ஆண்டில் 290! எஞ்சினில் யாரும் கை வைக்கவில்லை. அமெரிக்கப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇ அளவீட்டு விதிகளை இறுக்கியது. எந்தத் துணைக் கருவிகள் எஞ்சினில் மாட்டியிருக்க வேண்டும், எந்த எரிபொருள் ஊற்ற வேண்டும் என்பதில் முன்பு இருந்த நெகிழ்வு போயிற்று. அக்யூரா டிஎல் 270இலிருந்து 258க்கு இறங்கியது, லெக்சஸ் இஎஸ் 330 225இலிருந்து 218க்கு. ஆகவே 2005 மாடலையும் 2006 மாடலையும் ஒரே அட்டவணையில் போடும்போது எந்த விதிப்படி அளந்த எண் என்று பாருங்கள். சக்கரத்தில் டைனோ என்ற திறன் அளக்கும் கருவியை வைத்து அளந்த எண்களையும் அதில் கலக்காதீர்கள். கியர் பெட்டியிலும் அச்சிலும் உராய்வு தின்றதுபோக மிஞ்சுவதைத்தான் அவை காட்டும், விவரச்சீட்டில் இருப்பது எஞ்சின் தண்டில் அளந்தது.

அந்த 5 எங்கேயும் போகவில்லை. ஜப்பானில் பிஎஸ்ஸில் சொல்கிறார்கள், ஒரு பிஎஸ் 735.5 வாட். அமெரிக்கக் குதிரைத்திறன் 745.7 வாட். 405ஐ மாற்றிப் பாருங்கள், 399.5 வரும். உங்கள் அட்டவணையில் அந்த இரண்டையும் ஒரே வரியில் போட்டுவிடலாம்.