கண்மாய்க்கரை நோட்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் மதுரையில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. விலங்கியல் இறுதியாண்டு படிக்கிறேன். ஊர் மேலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் நெல் வயல், பெரியாற்றுப் பாசனம். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான்.

பறவைகள் பற்றி பிஎச்.டி. செய்ய ஆசை. வெளிநாட்டுக்கும் விண்ணப்பிக்கலாம் என்று சீனியர் அக்கா ஒருவர் சொன்னார். அவருடைய எஸ்.ஓ.பி.யை, அதாவது ஆய்வு நோக்கத்தை விளக்கி விண்ணப்பத்தோடு வைக்கும் கட்டுரையை, அனுப்பி, “பேரையும் சப்ஜெக்டையும் மாத்திக்கோ” என்றார். படித்தால் அது யாரோ பெரிய ஆள் எழுதியது போல இருக்கிறது. மதுரையில் ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தேன். எஸ்.ஓ.பி., மூன்று பரிந்துரைக் கடிதங்கள் எல்லாவற்றையும் அவர்களே எழுதித் தருவார்களாம். 25,000 ரூபாய் கேட்கிறார்கள். துறைத்தலைவரிடம் கடிதம் கேட்டேன். “நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்” என்றார்.

எங்கள் கல்லூரியை வெளியில் யாருக்கும் தெரியாது. நான் ஆய்வுக் கட்டுரை எதுவும் வெளியிட்டதில்லை. எங்கள் ஊர்க் கண்மாயில் இரண்டு வருடமாகக் கூடு கட்டும் பறவைகளை எண்ணி நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். அப்பா பி.எட். படித்து டி.ஆர்.பி. எழுதச் சொல்கிறார். நான் விண்ணப்பிப்பதில் அர்த்தம் இருக்கிறதா? பணம் கொடுத்து எழுதி வாங்கலாமா?

பா.
மேலூர் வட்டம்

அன்புள்ள பா.,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் மூன்று முறை படித்தேன். இரண்டு வருடமாகக் கண்மாயில் கூடுகளை எண்ணி நோட்டில் எழுதியிருக்கிறீர்கள். அதன் பின்னால் வரும் ‘அவ்வளவுதான்’ என்பதை அடித்துவிடுங்கள். விண்ணப்பத்தில் நீங்கள் சொல்ல வேண்டியதில் முக்கால்வாசி அந்த நோட்டில்தான் இருக்கிறது.

பணம் கொடுக்காதீர்கள். விண்ணப்பியுங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் இப்போது நிற்கும் இடத்தில் நின்று நான் ஒருமுறை தவறவிட்டிருக்கிறேன்.

1980களின் கடைசி. எம்.எஸ்சி. தாவரவியல் முடித்துவிட்டு வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வுக்கு விண்ணப்பித்தேன். ஆய்வு நோக்கத்தை ஒரு பக்கத்துக்கு எழுதச் சொல்லியிருந்தார்கள். நான் டைப்ரைட்டிங் படித்த இன்ஸ்டிட்யூட்டில் அதற்கென்று ஒரு மாதிரி வைத்திருந்தார்கள். பெயரையும் பாடத்தையும் மாற்றி அடித்து வாங்கி அனுப்பிவிட்டேன். நேர்காணலில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு வயதான பேராசிரியர் அந்தத் தாளை எடுத்து முதல் வரியைப் படித்தார். சிறுவயது முதலே செடிகொடிகள் மேல் எனக்குத் தணியாத ஆர்வம் என்று இங்கிலீஷில் அதில் இருந்தது. நிமிர்ந்து, “எந்தச் செடி?” என்று கேட்டார். அவர் கேட்ட விதத்தில் கேலி இல்லை. தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை.

பதில் என்னிடம் இருந்தது. திருமங்கலம் பக்கம் எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். பத்து வயதிலிருந்து விடியுமுன்னே அரிக்கேன் விளக்கோடு போய் மொட்டுப் பறித்தவன் நான். புழு துளைத்த மொட்டு ஊதா ஏறி அப்படியே காய்ந்துபோவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கிணற்றை ஒட்டிய வரிசைகளில் புழு அதிகம், மேட்டுப் பக்கம் குறைவு. ஏன் என்று அப்பாவிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. இரண்டு கோடை முழுக்க வரிசைக்கு நூறு மொட்டு எடுத்துப் பிரித்துப் பார்த்து எண்ணினேன். அது தோட்ட வேலை என்றுதான் நினைத்திருந்தேன். அதைப் போய் அந்த அறையில் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த வருடம் இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் அப்பா படுத்துவிட்டார், நான் வேலைக்குப் போய்விட்டேன். அந்தக் கேள்வி மட்டும் இன்றும் என்னோடு இருக்கிறது.

ஊர்க் கண்மாயைப் பற்றி எழுதினால் உலகத்தில் யார் மதிப்பார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் விலங்குகளின் நடத்தையியலைக் கட்டி எழுப்பியவர் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன். ஜெர்மனியில் டூபிங்கனில், உயிர்க்கடிகார ஆய்வின் முன்னோடியான எர்வின் பியூனிங்கிடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். உயிர்க்கடிகாரம் என்பது உயிர்களின் உடலுக்குள்ளேயே ஓடும் நாள்கணக்கு. அவரும் அவருடைய மாணவர்களும் இந்த வட்டாரத்துக் குகை வௌவால்களை எடுத்துக்கொண்டார்கள். குகையின் உள்ளே எந்நேரமும் ஒரே இருட்டு. அங்கே ஒரு வௌவாலைக் கூண்டில் தனியாக வைத்து, அது எப்போது விழிக்கிறது, எப்போது அடங்குகிறது என்று பதிவு செய்தார்கள். மற்ற வௌவால்கள் குடியிருக்கும் குகையில் வைத்தபோது, அவை அந்திக்குப் புறப்படும் நேரத்தோடு கூண்டு வௌவாலின் நேரமும் ஒத்துப்போனது. வௌவாலே இல்லாத குகையில் வைத்தபோது அதன் நேரம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டே போனது. வெளிச்சமே படாத உயிர், தன் கூட்டத்தைக் கொண்டு பொழுதை அறிகிறது. 1981இல் வெளியான அந்த முடிவு உயிர்க்கடிகாரம் பற்றிப் படிப்பவர்கள் அறிந்த ஒன்று. அதற்கு வேண்டியிருந்தது நம் பக்கத்துக் குகையும், சரியான ஒரு கேள்வியும், பொறுமையும்.

உங்கள் ஊருக்குப் பக்கத்து அரிட்டாபட்டியையே பாருங்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அதை அரசு அறிவித்தபோது, ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் அங்கே இருப்பதைக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. அப்படி ஒரு எண்ணைச் சொல்ல வேண்டுமானால், யாரோ வருடக்கணக்கில் பாறை பாறையாக ஏறி, பார்த்ததை எழுதி வைத்திருக்க வேண்டும். உங்களைப் போல.

சரி, எஸ்.ஓ.பி. அதை முதலில் தமிழில் எழுதுங்கள்.

இதை மொழிப்பற்றினால் சொல்லவில்லை. ‘சிறுவயது முதலே தணியாத ஆர்வம்’ என்று தமிழில் எழுதி உங்கள் அம்மாவிடம் படித்துக் காட்டிப் பாருங்கள், உங்களுக்கே கூச்சமாக இருக்கும். நமக்குப் பாதி பழகிய மொழியில் வெற்றுச் சொல்லும் கனமாகத் தெரியும். தாய்மொழியில் வெறுமை உடனே தெரிந்துவிடும். சாட்ஜிபிடியிடம் கேட்டு வாங்கினாலும் நிலைமை இதேதான். அதற்கு உங்கள் கண்மாய் தெரியாது. அழகான முதல் வரி தரும், அந்த வரியைப் பிடித்து ஒருவர் கேள்வி கேட்டால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

தமிழில் எதை எழுதுவது? அப்பாவுக்குச் சொல்வது போலச் சொல்லுங்கள். கண்மாய் எவ்வளவு பெரியது, எத்தனை மடை, உள்வாயில் நிற்பது நாட்டுக்கருவேலமா சீமைக்கருவேலமா, எந்த மரத்தில் கூடு அதிகம். கால்வாயில் தண்ணீர் விட்ட தேதி உங்கள் நோட்டில் இருக்கும், இல்லாவிட்டால் அப்பாவுக்கு நினைவிருக்கும். அந்தத் தேதிக்கும் முதல் கூடு கண்ட தேதிக்கும் எத்தனை நாள் இடைவெளி? தண்ணீர் பிந்திய வருடம் கூடும் பிந்தியதா? நத்தைகுத்தி நாரை வந்ததா? அதற்கு நத்தை வேண்டும், நத்தைக்குத் தண்ணீர் நிற்கும் வயல் வேண்டும். அப்படியென்றால் அணையில் மதகு திறக்கும் நாளுக்கும் உங்கள் ஊர் மரத்தில் குஞ்சு பொரிப்பதற்கும் ஒரு தொடர்பு இருக்கக்கூடும். இது நல்ல ஆய்வுக் கேள்வி. உங்கள் நோட்டைப் பார்க்காமல் நான் ஊகித்தது இவ்வளவு. உங்களிடம் இதைவிட நல்ல கேள்விகள் இருக்கும்.

தெரியாததையும் எழுதுங்கள். இரண்டு வருடம் போதாது, ஒரே கண்மாயை வைத்து எதையும் முடிவாகச் சொல்ல முடியாது. பக்கத்தில் வேட்டங்குடி சரணாலயம் இருக்கிறது. கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாதவர்கள். காவல் இருக்கும் அந்தக் கண்மாயோடு காவல் இல்லாத உங்கள் கண்மாயை ஒப்பிட வேண்டும், அதற்கான முறைகளைக் கற்றுக்கொள்ளத்தான் வருகிறேன் என்று சொல்லுங்கள். தன் தரவின் குறை தெரிந்த மாணவியை எந்த ஆய்வாளரும் கவனிப்பார்.

பிறகு அதைச் சிறிய சிறிய இங்கிலீஷ் வாக்கியங்களாக நீங்களே மாற்றுங்கள். உங்கள் கல்லூரி ஆங்கிலத் துறையில் யாரிடமாவது கொடுத்து இலக்கணம் மட்டும் திருத்தி வாங்குங்கள். ‘அழகுபடுத்தித் தருகிறேன்’ என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்கு வருகிறேன். நம் ஊரில் இதை ‘சிபாரிசு’ என்கிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. சிபாரிசு என்றால் நமக்கு எம்.எல்.ஏ. கடிதம். கையெழுத்துப் போடுபவர் எவ்வளவு பெரியவரோ அவ்வளவு செல்லும் என்று நினைத்து மாணவர்கள் நேரே துறைத்தலைவரிடமும் முதல்வரிடமும் போகிறார்கள். ஆய்வுப் படிப்புக்குக் கேட்கிற கடிதம் சாட்சி. உங்கள் வேலையை அருகிலிருந்து பார்த்தவர் சொல்ல வேண்டியது. உங்களுக்கு ப்ராஜெக்ட் வழிகாட்டியாக இருந்தவர், கௌரவ விரிவுரையாளராக இருந்தாலும், “இந்தப் பெண் காலை ஆறு மணிக்குக் கண்மாய்க்கரையில் நின்றதை நான் பார்த்தேன், எண்ணிக்கை தவறியபோது மறுபடி எண்ணினாள்” என்று எழுதினால் அதன் எடை தனி. மூன்று கடிதமும் ஒரே கையில் எழுதப்பட்டிருந்தால், நாள் முழுக்க விண்ணப்பம் படிப்பவர்களுக்கு இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும். அதற்கப்புறம் நீங்கள் எழுதிய உண்மையையும் அவர்கள் நம்ப மாட்டார்கள்.

துறைத்தலைவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு நேரம் இருக்காது, இப்படிப்பட்ட கடிதம் எழுதிய பழக்கமும் இருக்காது. அவரிடமே கேட்பதாக இருந்தால் ஒரு மாதம் முன்னதாகப் போங்கள். மதிப்பெண் பட்டியல், ப்ராஜெக்ட் அறிக்கை, நீங்கள் எழுதிய எஸ்.ஓ.பி., எந்தெந்த இடத்துக்கு எந்தத் தேதிக்குள் என்ற தாள், எல்லாம் ஒரு ஃபைலில் கொடுத்து, “சார், நீங்க பார்த்ததை மட்டும் நாலு வரி எழுதுங்க, போதும்” என்று கேளுங்கள். இன்னொன்று, பல பல்கலைக்கழகங்கள் கடிதத்தை ஆசிரியரிடமே மின்னஞ்சல் வழியாகக் கேட்கும், கல்லூரி முகவரியாக இருந்தால் நல்லது. நம் கல்லூரிகளில் பலருக்கு அந்த முகவரி இருந்தும் திறந்து பார்க்கும் வழக்கம் இல்லை. கெடு முடிவதற்கு ஒரு வாரம் முன்பே அவர் பக்கத்தில் உட்கார்ந்து அது வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கன்சல்டன்சியில் உங்களுக்குச் சொல்லாத ஒன்று. அமெரிக்காவில் சூழலியல் பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் ஒரு பேராசிரியர் உங்களை எடுத்துக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும். விண்ணப்பக் கெடு பொதுவாக டிசம்பரில் வரும். அதற்கு மூன்று மாதம் முன்பே, அவருடைய கட்டுரை ஒன்றையாவது முழுதாகப் படித்துவிட்டு, பத்து வரியில் மின்னஞ்சல் எழுத வேண்டும். பதில் வராது, பத்தில் ஏழு பேர் போட மாட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனம் விட வேண்டாம். ஐரோப்பாவில் பல நாடுகளில் ஆய்வு மாணவர் இடம் வேலை விளம்பரம் போல வரும், சம்பளமும் உண்டு. விண்ணப்பக் கட்டணம் பாரமாக இருந்தால் தள்ளுபடி கேளுங்கள், கேட்டால் தரும் இடங்கள் இருக்கின்றன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கான ஜி.ஆர்.இ. தேர்வைப் பல உயிரியல் துறைகள் இப்போது கேட்பதில்லை. அதற்குப் பணம் கட்டுமுன் ஒவ்வொரு துறையிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவை இரண்டாம்பட்சமாக நினைக்காதீர்கள். பெங்களூரில் ஐ.ஐ.எஸ்சி.யின் சூழலியல் மையம், உயிரியல் ஆய்வு மையமான என்.சி.பி.எஸ்., சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமான ஏட்ரீ, டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனம், நமக்குப் பக்கத்திலேயே கோவையில் பறவை ஆய்வுக்கான சாலிம் அலி மையம். உங்கள் கேள்விக்கு, உண்மையில், இவர்களே நெருக்கமானவர்கள்.

அப்பாவைப் பற்றி. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டு ஏக்கரை நம்பி இருக்கும் மனிதர் மகளுக்கு மாதச் சம்பளம் வேண்டும் என்று நினைப்பது அன்புதான். அவரோடு வாதாடாதீர்கள், கணக்கைக் காட்டுங்கள். சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை உயிரறிவியலில் எழுதி, ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால், 2023இலிருந்து மாதத்துக்கு 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. பிஎச்.டி. என்றால் நாம் பணம் கட்டிப் படிப்பது என்றுதான் நம் ஊர் அப்பாக்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் அதே நெட் உதவும். ஆக, நெட்டுக்குப் படியுங்கள். எந்த வழியில் போனாலும் அந்த உழைப்பு வீணாகாது. ஒரு நாள் காலையில் அவரைக் கண்மாய்க்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் நோட்டைக் காட்டுங்கள். அந்தத் தண்ணீர் அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். நோட்டில் விடுபட்ட பழைய வருடங்களை அவர் சொல்லக்கூடும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், அப்பா சொன்னது என்று தனியாகக் குறித்து.

இப்போது ஆடி. கண்மாய் வறண்டு கிடக்கும், எழுத நேரம் இருக்கும். தண்ணீர் வந்து கூடு கட்டத் தொடங்கும்போது உங்கள் விண்ணப்பக் கெடுவும் சரியாக வந்து நிற்கும். அந்த நெருக்கடியில் மூன்றாம் வருட எண்ணிக்கையை விட்டுவிடாதீர்கள். நோட்டின் எல்லாப் பக்கத்தையும் இன்றைக்கே போனில் படம் எடுத்து இரண்டு இடத்தில் போட்டு வையுங்கள்.

தமிழில் எழுதிய முதல் வரைவை எனக்கு அனுப்புங்கள். உட்கார்ந்து படிக்கிறேன்.