கம்பெனி தடம் மாறும்போது இன்டர்ன் என்ன செய்யணும்? கேள்வி பதில்

எனக்கு ஊர் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை. கோயமுத்தூர்லயும் கொச்சியிலயும் மூணு புதுக் கம்பெனிகள்ல 12 வருஷம் வேலை பார்த்திருக்கேன். இன்டர்ன் எடுக்கறதும் என் பொறுப்புலதான் இருந்துச்சு. நம்ம சித்தூர் தாலூகாவுல இருந்தும் வாளையார், கோபாலபுரம் பக்கத்துல இருந்தும் பசங்க கேட்டதுக்கு என் பதில்கள் இவை.

அக்கா, கொச்சி காக்கநாட்டுல ஆறு மாச இன்டர்ன்ஷிப். ஏழாவது வாரம் டீம் லீட் வேலையை விட்டுட்டாரு. கம்பெனியும் வேற பிராடக்டுக்கு மாறுது. எனக்கு வேலை சொல்ல ஆளே இல்ல. (நல்லேப்பிள்ளி)

கண்ணு, இதே நிலைமையில நானும் இருந்திருக்கேன். என் முதல் இன்டர்ன்ஷிப்ல, என்னை எடுத்தவர் ரெண்டாம் மாசம் போயிட்டாரு. நான் எழுதின புரோகிராம் அவருக்கு மட்டும்தான் தெரியும். கடைசி நாள் நான் என்ன செஞ்சேன்னு சொல்ல அந்த ஆபீஸ்ல ஒரு ஆள் இல்ல. அழுதுட்டேதான் வாளையார் எல்லையைத் தாண்டினேன்.

வேகமா வளர்ற கம்பெனியில இன்டர்னோட பேரு ஒரே ஒருத்தர் மனசுலதான் இருக்கும். அவர் போனா நீங்களும் கணக்குல இல்லாம போயிடுவீங்க. அதனால இன்னிக்கே ஹெச்ஆருக்கும் ஃபவுண்டருக்கும் ஒரு மெயில் போடுங்க. இதுவரைக்கும் என்ன முடிச்சீங்க, எது பாதியில நிக்குது, இனிமே யார்கிட்ட காட்டணும், இந்த மூணும் இருந்தாப் போதும். "யாராச்சும் சொல்லுங்க"ன்னு எழுதாதீங்க, ஒரு ஆளோட பேரைக் கேளுங்க.

அடுத்தது வேலை. பிராடக்ட் மாறும்போது சீனியருங்க எல்லாம் புதுசு பக்கம் ஓடிடுவாங்க. பழைய கஸ்டமர் மட்டும் அங்கேயே இருப்பாங்க. அவங்க டேட்டாவைப் புதுசுக்கு மாத்தணும், தேங்கிக் கிடக்கற டிக்கெட்டுகளை, அதாவது கஸ்டமர் புகார்களை, முடிக்கணும், எது எப்படி ஓடுதுன்னு எழுதி வைக்கணும். இதையெல்லாம் தொட யாருக்கும் மனசு வராது. நீங்க கேட்டு வாங்கிக்கோங்க. கம்பெனிக்கு நிஜமா காசு எங்கிருந்து வருதுன்னு அங்கதான் தெரியும். வெள்ளிக்கிழமை தோறும் அந்த வாரம் செஞ்சதை அஞ்சு வரியில மெயில் பண்ணுங்க. எல்லாம் மெயில்ல இருக்கணும், வாட்ஸாப்ல வேண்டாம்.

முடிச்சா சர்டிஃபிகேட் தருவாங்களா அக்கா?

ஆஃபர் லெட்டர்ல அந்த வரி இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா சேர்றதுக்கு முன்னாடி மெயில்ல கேட்டு வாங்குங்க.

அம்மணி, பொண்ணோட ஒரிஜினல் மார்க்‌ஷீட்டைக் கேக்கறாங்க. குடுக்கலாமுங்களா? (வேலந்தாவளம், ஒரு அப்பா)

குடுக்காதீங்க ஐயா. காட்டிட்டுத் திரும்ப வாங்கிக்கச் சொல்லுங்க. காப்பி வேணும்னா தரலாம். டெபாசிட்னு காசு கேட்டாலும் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கஞ்சிக்கோட்டு ஃபேக்டரியில ஐடிஐ அப்ரன்டிஸ், எவ்வளவு தரணும்?

அது 1961 அப்ரன்டிஸ் சட்டத்துல வரும், இன்டர்ன்ஷிப் வேற. உங்க ஐடிஐ-லயே கேளுங்க.

காசு தர முடியாது, பதிலா கம்பெனி ஷேர் தர்றோம்னு ஃபவுண்டர் சொல்றாரு. சேரலாமா? (கோபாலபுரம்)

இதைக் கொஞ்சம் பொறுமையாப் படிங்க தம்பி. ஈசாப்னு சொல்றாங்களே, ஊழியருக்குக் கம்பெனி ஷேர் தர்ற திட்டம், பிரைவேட் லிமிடெட் கம்பெனி அதை நிரந்தர ஊழியருக்கும் டைரக்டருக்கும்தான் தரலாம். 2013 கம்பெனிச் சட்டத்தோட விதி அப்படி. குடுத்த நாள்ல இருந்து குறைஞ்சது ஒரு வருஷம் ஆனப்புறம்தான் அது கைக்கு வரும். நீங்க ஆறு மாசத்துல கிளம்பப்போற இன்டர்ன். அவர் மனசுல கெட்ட எண்ணம் இல்லாமகூட இருக்கலாம், ஆனா அந்த வழியில உங்களுக்கு ஒண்ணும் வராது. மத்திய அரசோட கம்பெனி விவகார அமைச்சகத்துக்கு எம்சிஏ போர்ட்டல்னு வெப்சைட் இருக்கு, அதுல கம்பெனி பேரைப் போட்டுப் பாருங்க. பதிவான தேதியும் டைரக்டர் பேரும் மூலதனமும் தெரியும். பார்த்துட்டு ஸ்டைபெண்ட், அதான் மாச உதவித்தொகை, கேளுங்க.

சும்மா பயமுறுத்தறீங்க. ஃப்ரெஷ்வொர்க்ஸ் சாஃப்ட்வேர் கம்பெனியில ஷேர் மூலமா 500 பேருக்கு மேல கோடீஸ்வரர் ஆகலையா? (பொள்ளாச்சி)

ஆனாங்க, எனக்கும் அதுல பெருமைதான். ஆனா 2010-ல சென்னையில ஆரம்பிச்ச கம்பெனி 2021 செப்டம்பர்லதான் அமெரிக்காவோட நாஸ்டாக் பங்குச் சந்தையில பட்டியலாச்சு. 11 வருஷம்! ஷேர் வந்தது பேப்பர்ல எழுதி வாங்கின ஊழியர்களுக்கு. அதே கம்பெனி 2024 நவம்பர்ல சுமார் 660 பேரைக் குறைக்கறதா அறிவிச்சுது. ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

எங்க ஃபவுண்டரே சம்பளம் எடுக்கறதில்ல. ஸ்டைபெண்ட் எங்கிருந்து வரும்? (களமசேரி)

கம்பெனி அவரோடது. நாளைக்கு ஜெயிச்சா அவருக்கு வரும். இன்டர்னுக்கு என்ன வரும்?

கத்துக்கறது வரும் அக்கா. ரெண்டே பேர் இருக்கற இடத்துல ஃபவுண்டர் பக்கத்துலயே உக்காந்து கத்துக்கறது பெரிய கம்பெனியில கிடைக்குமா? (அதே களமசேரி)

கிடைக்காது, அதை ஒத்துக்கறேன். ஆனா அந்தப் படிப்புக்கு ஹாஸ்டல் காசு தர்றது யாரு? தென்னந்தோப்புல கூலிக்குப் போற அப்பா. வசதி இருக்கற வீட்டுப் புள்ளைதான் சும்மா வேலை செய்ய முடியும். அப்ப நம்ம பக்கத்துப் பசங்களுக்குக் கதவே திறக்காது. தங்கற செலவையாவது தரட்டும், இல்லேன்னா வீட்டுல இருந்து செய்யற மாதிரி தினம் ரெண்டு மணி நேர வேலை தரட்டும். இதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

சர்டிஃபிகேட் கிடைக்குமா?

மேல சொல்லியாச்சு.

இன்டர்ன்ஷிப் முடிஞ்சா சர்டிஃபிகேட்…

மேல படிங்க தம்பி. மூணாவது தடவை.

மலையாளம் தெரியாது. கொச்சியில சமாளிக்கலாமா? (உடுமலை)

மீட்டிங் இங்கிலீஷ்ல நடக்கும், சாப்பாட்டு மேசையில மலையாளம் ஓடும். யார் போறாங்க, எந்த டீமைக் கலைக்கறாங்கங்கற சேதி முதல்ல வர்றது அந்த மேசைக்குத்தான். கத்துக்கோங்க. நாம பேசற தமிழுக்கு ரெண்டு மாசம் போதும்.

ரெண்டு மாசமா ஸ்டைபெண்ட் வரல. "ஃபண்டிங் வந்ததும் தர்றோம்"ங்கறாங்க.

மெயில்ல சொன்னாங்களா, வாயால சொன்னாங்களா? வாயாலன்னா, பாக்கித் தொகையையும் தேதியையும் எழுதி இன்னிக்கே மெயில் போடுங்க. காலேஜ் பிளேஸ்மென்ட் ஆபீஸரையும் அதுல சேருங்க. கையில இருக்கற வேலையை முறையா ஒப்படைச்சுட்டுக் கிளம்புங்க. மூணாவது மாசம் காத்திருக்காதீங்க.

அக்கா, நல்லேப்பிள்ளிதான். மெயில் போட்டேன். திங்கக்கிழமை சப்போர்ட் டீம்ல ஒரு சேச்சியோட உக்காரச் சொல்லியிருக்காங்க.

சந்தோஷம் கண்ணு! பழைய டிக்கெட் லிஸ்ட்டை இப்பவே கேட்டு வாங்கி, ஞாயித்துக்கிழமைக்குள்ள படிச்சுடுங்க. ஒரே புகார் திரும்பத் திரும்ப வந்தா குறிச்சு வையுங்க. சேச்சிகிட்ட முதல்ல அதைக் கேளுங்க.